மீனைத் தின்னாதே என்றால் மொழி என்ன ஆகும்? மேல் மரோனி ஆற்று வயானா மக்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1997இல் தென் அமெரிக்காவில் பிரான்சின் பகுதியான பிரெஞ்சு கயானாவின் தென்மேற்கு மூலைக்குச் சில சுகாதார ஆய்வாளர்கள் போனார்கள். மரோனி ஆற்றின் மேல்பகுதியில் வயானா என்ற பூர்வகுடி மக்களின் நான்கு பெரிய கிராமங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் ஆளுக்குக் கொஞ்சம் தலைமுடி கத்தரித்து எடுத்து வந்தார்கள். முடியில் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று பார்க்கத்தான். ஒரு கிராம் முடியில் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அங்கே சராசரியே 11.4 வந்தது, நூற்றுக்கு 57 பேர் வரம்பைத் தாண்டியிருந்தார்கள். அவர்கள் பாதரசத்தைக் கையில் எடுத்துப் புழங்குகிறவர்கள் இல்லை. மீன் சாப்பிடுகிறவர்கள், அவ்வளவுதான்.

நான் இந்த மக்களின் மொழியைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன். இலக்கணத்தில் தொடங்கினால் கொஞ்ச தூரத்தில் ஆறு வரும், ஆற்றில் இறங்கினால் பாதரசம் வரும், அங்கிருந்து திரும்பினால் பள்ளிக்கூடம் வரும். எந்தப் பக்கம் போனாலும் இப்படியே ஆனதால், இவற்றைத் தனித்தனியாக எழுதுவது தவறு என்று தோன்றியது. ஒரு சின்ன மொழிக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமானால் அந்த ஊர்ப் பானையில் என்ன மீன் வேகிறது என்றும் பார்க்கத்தான் வேண்டும். இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது அதைத்தான்.

யார், எங்கே

வயானா மக்கள் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். பிரெஞ்சு கயானாவில் மரோனியின் மேல்பகுதியான லாவா, லிதானி ஆறுகளின் கரையிலும் தம்போக் ஆற்றங்கரையிலும் அந்தெகும் பதா, துவெங்கே, தலுவென், கயோதே, எலாஹே ஆகிய ஊர்கள் இருக்கின்றன. சுரினாமில் அதே லாவாவின் எதிர்க்கரையில் கவெம்ஹகன், உள்ளே தள்ளி தபனஹோனி ஆற்றில் அபெதினா, அப்புறம் பலுமெயு. துமுகுமக் மலைக்குத் தெற்கே பிரேசிலில் பாரு ஆற்றங்கரையில் அபலாய் என்னும் இன்னொரு இனத்தாரோடு கலந்து வாழ்கிறார்கள். மூன்று நாட்டையும் சேர்த்து எண்ணினாலும் இரண்டாயிரத்தைச் சுற்றித்தான் வரும். நம்மூரில் ஒரு நடுத்தரக் கிராமத்து மக்கள்தொகை அது.

எல்லைக்கோடு இவர்களைக் கேட்டுப் போட்டதில்லை. பிரான்சும் அப்போது சுரினாமை ஆண்ட நெதர்லாந்தும் அடித்துக்கொண்டு ரஷ்யச் சக்கரவர்த்தி மூன்றாம் அலெக்சாந்தரிடம் பஞ்சாயத்துக்குப் போக, அவர் 1891இல் லாவா ஆறுதான் எல்லை என்று தீர்ப்பு சொன்னார். வயானாக்காரருக்கு அந்த ஆறு வீட்டு வாசல் மாதிரி. காலையில் இந்தக் கரையில் எழுந்து படகை எடுத்துக்கொண்டு அந்தக் கரையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறவர்கள், 1891க்குப் பிறகு தாங்கள் வேறொரு நாட்டுக்குப் போய் வருவதாக அறிய நேர்ந்தது.

பழைய பிரெஞ்சுப் பயணிகள் இவர்களை ‘ருகுயென்’ என்று எழுதினார்கள். 1877இல் இந்தப் பக்கம் வந்த ழூல் க்ரெவோ என்ற மருத்துவரின் குறிப்புகளிலும் அந்தப் பெயர்தான். ‘ருகு’ என்பது சப்பிரா விதையிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம், அதை உடம்பெல்லாம் பூசிக்கொள்வதால் வந்த பெயர். வெளியிலிருந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்ட நிறத்தை வைத்துச் சூட்டியது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது வயானா என்றுதான்.

ஊரின் நடுவில் துகுசிபான் என்ற பெரிய வட்டக் கூடம் இருக்கும், ஓலை வேய்ந்த கூம்புக் கூரையோடு. அந்தக் கூரையின் உச்சியில், உள்பக்கமாக, அண்ணாந்து பார்த்தால் தெரியும்படி மலுவானா என்ற வட்டமான மரப்பலகையைப் பொருத்துவார்கள். மண்ணிலிருந்து எடுத்த வண்ணங்களால் அதில் இரட்டைத் தலைக் கம்பளிப்புழுவையும் ஆற்றில் ஆளை விழுங்கும் பூதங்களையும் வரைந்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு, அந்தக் கதையை வயானாவில்தான் சொல்ல முடியும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

மொழி

வயானா கரீபன் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. கரீபியன் கடலுக்குப் பெயர் கொடுத்த அதே ‘கரீப்’தான். அந்தக் குடும்பத்தில் இன்னும் இருபதுக்கு மேற்பட்ட மொழிகள் பேச்சில் இருக்கின்றன: கடற்கரையில் கலினா, சுரினாமின் தெற்கில் திரியோ, பிரேசிலில் அபலாய், வெனிசுவேலாப் பக்கம் பெமோன். இவற்றில் பலவற்றிலும் தண்ணீருக்கு ‘துனா’தான். வயானாவிலும் துனா என்றால் தண்ணீர், ஆறும் அதுவே. ‘பதா’ என்றால் ஊர். அதனால் அந்தெகும் பதா என்றால் அந்தெகுமின் ஊர். அந்த அந்தெகும் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ் வாசிப்பவர்களுக்கு இந்த மொழியில் சட்டென்று பிடிபடும் விஷயங்கள் சில உண்டு. உறவு எதுவும் கிடையாது, உலகத்தின் எதிரெதிர் மூலைகள், ஆனாலும் நம் மொழியை வைத்து எளிதாகப் புரிந்துகொள்ளலாம். நாம், நாங்கள் என்று நாம் பிரிக்கிறோமே, கேட்பவரையும் சேர்ப்பதா விடுவதா என்று, வயானாவிலும் அந்தப் பிரிவு உண்டு. பிரெஞ்சிலோ டச்சிலோ போர்த்துகீசிலோ கிடையாது. ஒரு வயானாக் குழந்தை பள்ளியில் பிரெஞ்சு படிக்கும்போது, ‘நாங்கள்’ என்பதற்கும் ‘நாம்’ என்பதற்கும் ஒரே சொல்தான் என்பதை ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஆசிரியர் ‘நாம் பிரெஞ்சுக்காரர்கள்’ என்று சொன்னால், தன்னையும் சேர்த்தா சேர்க்காமலா என்று அந்தச் சொல்லை வைத்து அது கண்டுபிடிக்க முடியாது.

ஒலியிலும் அப்படித்தான். க, ட, ப வரிசையில் நாம் ஒரே எழுத்தை வைத்துச் சமாளிக்கிற மாதிரி, வயானாவிலும் தடை ஒலிகள் ஒரு வரிசைதான், வல்லொலி மெல்லொலி என்று பொருள் மாறுவதில்லை. எழுத்தில் இரண்டு புள்ளி வைத்த ‘இ’யாகக் காட்டும் ஓர் உயிர் இருக்கிறது. ‘காது’, ‘நாக்கு’ என்று சொல்லும்போது கடைசியில் உதட்டைக் குவிக்காமல் விடுகிறோமே, நம் குற்றியலுகரம், அதற்கு மிக அருகில் வரும் ஒலி. பிரெஞ்சு ஆசிரியர்கள் அதை உச்சரிக்கத் தடுமாறுவார்கள். நமக்குச் சிரமமே இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. வயானாவில் வினைச்சொல்லுக்கு மட்டுமல்ல, பெயர்ச்சொல்லுக்கும் கடந்தகாலம் உண்டு. நாம் ‘பழைய வீடு’, ‘முன்னாள் தலைவர்’ என்று இன்னொரு சொல்லைச் சேர்ப்போம். அங்கே வீடு என்ற சொல்லோடேயே ஒரு விகுதி ஒட்டினால் போதும், ‘வீடாக இருந்தது, இப்போது இல்லை’ என்றாகிவிடும். வரலாறு என்பதற்கு அவர்கள் சொல்வது ‘எய்தொபொன்பெ’. இருத்தல் அல்லது நடப்பு என்ற பெயர்ச்சொல், அதன் கடைசியில் அந்தக் கடந்தகால விகுதி. ‘நடப்பாக இருந்தது.’ வரலாற்றுக்கு இதைவிடச் சரியான சொல்லை நான் பார்த்ததில்லை.

இந்த மொழி புதிதாக யாரும் கண்டெடுத்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டச்சுக்காரர் தெ குயே பயணக் குழுக்களோடு வந்து சொற்களைக் குறித்துப் போனார். சுரினாமில் மதப்பிரசார அமைப்புகளைச் சேர்ந்த மொழியியலாளர்கள் எழுத்துமுறை அமைத்தார்கள். 2005இல் பிரேசில்காரரான பெத்ரொனிலா தவாரெஸ் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் முழு இலக்கணம் ஒன்றை எழுதி முடித்தார். மொழியியலாளர் எலியான் கமார்கோ வயானாக்காரரான மத்தலிவா குலிஜமானோடு சேர்ந்து கதைகளைப் பதிவு செய்திருக்கிறார். ஆவணம் என்று பார்த்தால், இதே அளவுள்ள பல மொழிகளோடு ஒப்பிட வயானாவின் நிலை நன்றாகவே இருக்கிறது. ஊர்களில் குழந்தைகள் இன்றும் முதலில் பேசுவது வயானாதான், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் மொழி என்று எழுதிவிடுவது சுலபம், ஆனால் அது உண்மை இல்லை. உயிரோடு இருக்கிறது. அதைத் தாங்கி நிற்கிற தூண்கள்தான் ஒவ்வொன்றாக அரிக்கப்படுகின்றன.

தங்கம்

பிரெஞ்சு கயானாவில் தங்கம் கண்டுபிடித்தது 1855இல். அடுத்த வருடத்திலிருந்தே புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் அங்கே கப்பலேற்றப்பட்டார்கள். இருபது வருடங்களில் எட்டாயிரத்துக்கும் மேலானவர்கள். தோட்ட வேலை என்று போன பலர் தங்கக் குழிகளில் தள்ளப்பட்டு நோயில் செத்தார்கள், சாவு அவ்வளவு அதிகமாக இருந்ததால் 1870களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அந்தத் தங்கம் நமக்கும் செய்ததை இந்த இடத்தில் சொல்லாமல் தாண்டிப்போக என்னால் முடியவில்லை.

லாவா பக்கம் தங்க வேட்டை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு முறை வந்து தணிந்தது. 1990களில் மறுபடி பிடித்துக்கொண்டது. பிரேசிலிலிருந்து வரும் ஏழைத் தொழிலாளிகள், கரிம்பெய்ரோ என்பார்கள், பல ஆயிரம் பேர் காட்டுக்குள் அனுமதியில்லாமல் தோண்டுகிறார்கள். உயர் அழுத்த நீர்க்குழாயால் கரையை அடித்துக் கரைத்துச் சேறாக்குவார்கள். அந்தச் சேற்றில் தூசியாகக் கலந்திருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கத்தான் பாதரசம். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு உருண்டையாகும், அதைச் சூடுகாட்டினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் மிஞ்சும். ஆவி மழையில் கரைந்து ஆற்றுக்கே திரும்பும். இது பாதிக் கதை. அந்த நிலத்து மண்ணிலேயே இயற்கையாகப் பாதரசம் நிறைய இருக்கிறது, மரமும் வேரும் பிடித்து வைத்திருப்பதால் அது அசையாமல் கிடக்கும். காட்டை வெட்டி மண்ணைக் கழுவிவிட்டால் அதுவும் ஆற்றில்தான் சேரும். அதனால் பாதரசமே இல்லாமல் தோண்டினாலும் ஆறு தப்பாது.

ஆற்றின் அடிச்சேற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது உடம்புக்குள் போனால் சீக்கிரம் வெளியேறாது. பாசியில் துளி, பாசி தின்னும் பூச்சியில் கொஞ்சம், பூச்சி தின்னும் சின்ன மீனில் இன்னும் கொஞ்சம், சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் கெட்டியாக. அய்மாரா என்று ஒரு மீன், பெரிய பல்லும் கொழுத்த சதையுமாக, மேல் மரோனியில் எல்லாருக்கும் பிடித்த மீன். வேட்டையாடித் தின்னும் மீன் என்பதால் அதில்தான் பாதரசம் அதிகம். 1997 ஆய்வில், உடம்புக்குள் போகும் பாதரசத்தில் பெரும்பங்கு நாலே வகை மீன்களிலிருந்து வந்தது. ஒரு வயதைத் தாண்டிய எல்லாருமே பாதுகாப்பான அளவுக்கு மேல் உட்கொண்டிருந்தார்கள். கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தையின் மூளை வரை போகும். 2002இல் வெளியான ஆய்வு ஒன்று மேல் மரோனிக் குழந்தைகளின் நரம்பு வளர்ச்சியைச் சோதித்தது. தாயின் முடியில் பாதரசம் கூடக் கூட, குழந்தைகளின் அனிச்சைச் செயல்கள் இயல்புக்கு மேல் கூடியிருந்தன, உருவங்களைப் பார்த்து அதேபோல் செய்யும் திறனில் குறை தெரிந்தது.

அரசு சும்மா இருக்கவில்லை, ஆனால் செய்தது போதவில்லை என்பதே என் முடிவு. 2006இல் பிரெஞ்சு கயானாவில் தங்கச் சுரங்கங்களில் பாதரசத்தைத் தடை செய்தார்கள். 2007இல் அமேசான் தேசியப் பூங்கா அமைந்தது. 2008இல் ராணுவமும் காவலரும் சேர்ந்து ஹார்பி என்ற நடவடிக்கையைத் தொடங்கினார்கள், முகாம்களை எரித்து எந்திரங்களை உடைத்தார்கள். இதையெல்லாம் வைத்து 2006க்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. தோண்டுகிறவருக்கு டீசலும் அரிசியும் எதிர்க்கரையில், சுரினாம் பக்கக் கடைகளில் கிடைக்கிறது. ஆற்றைக் கடந்தால் பிரெஞ்சுக் காவலருக்கு அதிகாரம் இல்லை. வயானாக்காரருக்கு ஒருபோதும் எல்லையாக இராத ஆறு, அவர்கள் ஆற்றைக் கெடுப்பவருக்கு மட்டும் நல்ல எல்லையாக உதவுகிறது.

‘இந்த மீனைச் சாப்பிடாதீர்கள்’

சுகாதாரத் துறை கொடுத்த அறிவுரை எளிமையானது: கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் அய்மாரா, பிரான்யா போன்ற வேட்டை மீன்களைத் தவிர்க்கவும், இலைதழை தின்னும் மீன்களைச் சாப்பிடவும். மருத்துவமாகப் பார்த்தால் சரியான அறிவுரை, அதில் எனக்குச் சண்டை இல்லை. தின்னலாம் என்ற பக்கத்தில் முதலில் நிற்பது ‘வதவு’ என்று வயானாவில் சொல்லும் மீன். பாறைகளின் மேல் ஆறு பாய்ந்து விழும் இடங்களில், பாறையை ஒட்டி வளரும் ஒரு நீர்ச்செடியை மேய்ந்து வாழும். ஆனால் அந்தச் செடிக்குத் தெளிந்த தண்ணீரும் வெயிலும் வேண்டும். மேலே கரையைக் கழுவிவிட்ட சேறு வந்தால் செடிக்கு வெளிச்சம் போகாது, செடி இல்லையென்றால் வதவு எங்கே நிற்கும்?

மீனைக் குறைத்தால் என்ன சாப்பிடுவது என்பது அடுத்தது. மரவள்ளிக் கிழங்கு இருக்கிறது, நச்சுச் சாறைப் பிழிந்து எடுத்து ரொட்டி சுடுகிறார்கள், காசிலி என்ற பானம் காய்ச்சுகிறார்கள். அதோடு கடையிலிருந்து டப்பாவில் அடைத்த மத்தி, உறைய வைத்த கோழி, அரிசி வரும். அதற்குக் காசு வேண்டும், காசுக்கு அரசு உதவித்தொகை. ஆற்றுக்குப் போக வேண்டிய அவசியம் அப்படிக் குறைந்துகொண்டே போகிறது.

மொழி இங்கேதான் வருகிறது. ஒரு பையன் அப்பாவோடு படகில் போகும்போது கற்கும் சொற்கள் வீட்டில் கற்க முடியாதவை. எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்தத் தண்ணீர்ச் சத்தம் எதைக் குறிக்கும், மீன் துள்ளும் ஒலிக்கு ஒரு சொல், விழும் ஒலிக்கு வேறு சொல். கரீபன் மொழிகளில் ஒலிக்குறிப்புச் சொற்கள் அபாரமாக இருக்கும், வயானாக் கதைசொல்லி சில இடங்களில் வினைச்சொல்லையே விட்டுவிட்டு அந்த ஒலிக்குறிப்பை மட்டும் வைத்து நடந்ததைச் சொல்லிவிடுவார். மளமள, சலசல என்று நமக்கும் பழக்கமானதுதான், அங்கே இன்னும் விரிந்தது. இவை பாடப்புத்தகத்தில் ஏறாது, வகுப்பறையில் உட்கார்ந்து வராது. பாதரசத்தால் மொழியில் இத்தனை சொல் போயிற்று என்று யாரும் அளந்து சொல்லிவிட முடியாது. ஆனால் ஆற்றுக்குப் போவது குறைந்தால் ஆற்றுச் சொல் குறையும் என்பதை நான் சந்தேகப்படவில்லை. காவேரி வறண்ட ஊர்களில் நம் தாத்தாக்கள் சொன்ன நீர்ச் சொற்களில் இன்று எத்தனை புழக்கத்தில் இருக்கின்றன?

பள்ளிக்கூடம்

1969 வரை உள்நாட்டுப் பகுதி முழுவதும் இனினி என்ற தனி நிர்வாகப் பகுதியாக இருந்தது, அங்கிருந்த பூர்வகுடிகளுக்கு நெடுங்காலம் பிரெஞ்சுக் குடியுரிமை இல்லை. 1960களின் பிற்பகுதியில் தொடங்கி அதைக் கொடுத்தார்கள். ழான் உரோல் என்ற புவியியலாளர், வயானா ஊர்களில் வருடக்கணக்கில் வேலை செய்தவர், இப்படி அவசரமாகப் பிரெஞ்சுக்காரர் ஆக்குவது இவர்களைக் குலைக்கும் என்று எழுதியும் போராடியும் பார்த்தார். ஓரளவு பலன் இருந்தது, 1970இல் தெற்குப் பகுதிக்குள் வெளியார் அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. அது சுற்றுலாக்காரரைத் தடுத்தது, தங்கம் தேடுபவரைத் தடுக்கவில்லை.

அந்தெகும் கதைக்கு இதுதான் இடம். ஆந்த்ரே கோஞா என்ற லியோன் நகரத் தொழிலாளி 1961இல் இங்கே வந்தார், படகு கவிழ்ந்து உயிருக்குப் போராடியவரை வயானாக்காரர்கள் காப்பாற்றினார்கள், ஒரு குடும்பம் பிள்ளையாக ஏற்று அந்தெகும் என்று பெயரிட்டது. கடைசிவரை அங்கேயே வாழ்ந்து 2021இல் இறந்தார். 1960களில் அவர் உருவாக்கிய ஊர்தான் அந்தெகும் பதா. வெளியாள் ஒருவரைச் சுற்றியே கதையைச் சொல்வது எனக்குப் பிடிக்காது, அதனால் இதோடு விடுகிறேன். அவர் தன் பிள்ளைகளை வயானாவாக வளர்த்தார் என்பது மட்டும் போதும்.

இன்று ஊர்களில் தொடக்கப்பள்ளி இருக்கிறது. 1998இல் மொழியியலாளர்களின் முயற்சியால் தாய்மொழி பேசும் உள்ளூர்க்காரர்களைப் பள்ளிக்குள் நியமிக்கும் திட்டம் தொடங்கியது. சின்ன வகுப்புகளில் அவர்கள் வயானாவில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அதன் நோக்கம் குழந்தையைப் பிரெஞ்சுக்குக் கூட்டிப்போவது, பிரெஞ்சு வந்ததும் வயானா நின்றுவிடும். 1999இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் பிரான்சின் மொழிகள் என்று 75 மொழிகளைப் பட்டியலிட்டார்கள், வயானாவும் அதில் உண்டு. அதே வருடம் பிரான்ஸ் கையெழுத்திட்ட ஐரோப்பிய சிறுபான்மை மொழிச் சாசனத்துக்கு இதுவரை ஒப்புதல் தரவில்லை.

பிறகு பதினோரு வயதில் குழந்தை ஊரை விட்டுப் போக வேண்டும். நடுநிலைப் பள்ளி மரிபசூலா என்ற சிறுநகரில், படகில் மணிக்கணக்கான தூரம். தெரியாத குடும்பத்திலோ விடுதியிலோ தங்க வேண்டும். மேல்நிலைப் பள்ளிக்குப் பலர் அதையும் தாண்டி, சேன் லோரான் நகருக்கோ தலைநகர் கயேனுக்கோ. சரியாக எந்த வயதில் மரவள்ளித் தோட்டமும் ஆறும் காடும் கற்க வேண்டுமோ அந்த வயதில். மேல் மரோனி உள்ளிட்ட உள்நாட்டு ஊர்களில் பூர்வகுடி இளைஞர்கள் தற்கொலை செய்துகொள்வது பிரான்சின் மற்ற பகுதிகளைவிடப் பல மடங்கு அதிகம். 2015இல் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவர் இதற்கென்றே ஓர் அறிக்கை கொடுத்தார்கள், 37 பரிந்துரைகளோடு. பள்ளிக்காக ஊரை விட்டுப் பிரிவதையும் ஒரு காரணமாக அதில் பேசியிருக்கிறார்கள்.

மரகே என்று ஒரு சடங்கு உண்டு, வயானாவில் எபுதொப். வளரும் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், இரவெல்லாம் ஆடிவிட்டு விடிந்ததும் எறும்புக் கடியைத் தாங்க வேண்டும். மீன் அல்லது பறவை உருவில் பின்னிய தட்டியில் எறும்புகளைக் கொடுக்கு ஒரே பக்கம் இருக்கும்படி செருகி உடம்பில் அழுத்துவார்கள். அப்போது பாடும் கலவு பாட்டில் இன்று பேசுகிறவர்களுக்கே விளங்காத பழைய சொற்கள் நிறைய. சுரினாம் பக்கம் மதப்பிரசாரகர்கள் வந்த பிறகு அது நின்றுபோனது. பிரெஞ்சுப் பக்கம் 2011இல் தேசியப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் மரகே நடத்த பல மாத ஏற்பாடும், மலைபோல் மரவள்ளியும், புகையிட்ட மீனும் இறைச்சியும், ஊரில் இருக்கிற பிள்ளைகளும் வேண்டும். இவற்றில் எதையும் பட்டியல் கொண்டுவந்து தராது.

என் மதிப்பீடு

வயானாவைக் காப்பதற்கென்று நடப்பவற்றில் பெரும்பகுதி பதிவு வேலை: இலக்கணம், அகராதி, பழைய ஒலிப்பதிவுகளை ஊருக்கே திருப்பிக் கொடுப்பது. இவை தேவை, வயானாக்காரர்களே அதில் முன்நிற்பது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இந்த நிகழ்வில் முதல் மருந்து என்று நான் நினைப்பது இரண்டு. ஒன்று, பிரான்சும் சுரினாமும் சேர்ந்து எதிர்க்கரைக் கடைகளின் வழியாகப் போகும் டீசலையும் பாதரசத்தையும் நிறுத்துவது, ஒரு கரையில் மட்டும் காவல் வைத்துப் பயன் இல்லை என்பது 2008லிருந்து தெரிந்ததே. இரண்டு, மேல் கிராமங்களிலேயே, தலுவெனிலோ அந்தெகும் பதாவிலோ, நடுநிலைப் பள்ளி வகுப்புகள். அங்கே வயானாவும் ஒரு பாடமாக, பதினைந்து வயது வரை. அந்த நாலு வருடம் கிடைத்தால் பிள்ளை சாயங்காலம் ஆற்றுக்குப் போகும்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டியது. லாவாவின் இந்தக் கரைப் பிள்ளை பிரெஞ்சு படிக்கிறது, எதிர்க்கரைப் பிள்ளை டச்சு, மலைக்கு அந்தப் பக்கப் பிள்ளை போர்த்துகீசு. மூவரும் அத்தை மாமன் மக்களாக இருக்கலாம். ஒருவர் பள்ளிப் புத்தகத்தை மற்றவர் வாசிக்க முடியாது. எழுத்துமுறைகூட நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறுகிறது, அதை ஒன்றாக்குவது பெரிய செலவில்லாத வேலை. இப்போதைக்கு அவர்கள் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தால் பேசிக்கொள்ள இருப்பது வயானா மட்டும்தான்.